மூன்றாவது சக்கரம்



சென்னை மாநகரின் வடபகுதியில், திருவொற்றியூருக்கும் மணலிக்கும் இடையே சாத்தாங்காடு என்னும் ஊர் உள்ளது. இரும்புக்கும் எஃகுக்கும் என்றே அமைந்த பெரிய வணிக வளாகம் அவ்வூரின் அடையாளம். என் ஆசிரிய வாழ்வின் பெரும்பகுதி அவ்வட்டாரத்திலேயே கழிந்தது. காலையில் பள்ளி வாயிலில் நின்று மாணவர்களை எதிர்நோக்கும்போது, சாலையில் செல்லும் வண்டிகளைக் கவனிப்பதும் என் அன்றாடப் பழக்கமாயிற்று. கன்டெய்னர் ஏற்றிய நெடிய லாரிகளுக்கு இடையே சின்னஞ்சிறு மூன்று சக்கர வண்டிகள் நுழைந்து நுழைந்து செல்லும். ஆட்டோ ரிக்‌ஷாக்கள் செல்லும். காசிமேட்டு மீனையும் சாத்தாங்காட்டுக் கம்பியையும் சுமக்கும் மோட்டார் பூட்டிய மீன்பாடி வண்டிகள் செல்லும். என் இளமைப் பருவத்தில், சைடுகார் இணைத்த புல்லட் மோட்டார் சைக்கிளும் அரிதாகக் கண்ணில் படும்.

இம்மூன்றுக்கும் சக்கரங்கள் மூன்றே. ஆனால் ஒன்றைப் போல் மற்றொன்று திரும்பாது. ஒன்றைப் போல் மற்றொன்று குலுங்காது. ஒன்றைப் போல் மற்றொன்று கவிழாது. இவ்வேறுபாட்டை நான் பல ஆண்டுகள் கண்ணால் கண்டேனே அன்றிக் கருத்தால் எண்ணிப் பார்த்தேனில்லை. எண்ணிப் பார்க்கச் செய்தவன் என் மாணவன் ஒருவன்.

அவன் அப்பொழுது ஒன்பதாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். நான்கு நாட்கள் பள்ளிக்கு வரவில்லை. ஐந்தாம் நாள் வந்தவனை அழைத்துக் காரணம் கேட்டேன். அவன் தந்தையார் மீன்பாடி வண்டி ஓட்டுபவர். கம்பிக் கட்டுகளை ஏற்றிக்கொண்டு ஒரு பாலத்து இறக்கத்தில் வந்து திரும்பும்போது வண்டி கவிழ்ந்து, அவர் கால் முறிந்துவிட்டது. இவற்றைச் சொல்லி முடித்தபின் அவன் ஒரு வினா எழுப்பினான்.

"சார், அதே இறக்கத்தில் ஆட்டோக்கள் நாள் முழுவதும் திரும்புகின்றன. அப்பா அவற்றைவிட மெதுவாகத்தான் வந்தார். அதற்கும் மூன்று சக்கரம், இதற்கும் மூன்று சக்கரம். அப்பா வண்டி மட்டும் ஏன் சார் கவிழ்ந்தது?"

நான் சற்றும் ஆராயாமல், "வேகமாக வந்திருப்பார், இனி நிதானமாக ஓட்டச் சொல்" என்று விடை கூறினேன். அவன் ஒன்றும் பேசாமல் வகுப்புக்குச் சென்றான். அன்று மாலையே அவ்விடை எனக்கு நெருடலாயிற்று. மெதுவாக வந்தார் என்று பிள்ளை கூறியிருக்க, வேகமாக வந்திருப்பார் என்று நான் சொன்னது எவ்வகையில் நியாயம்? அறியாத ஒன்றுக்கு விடை கூற நேர்ந்தால், எளியவன்மேல் பழியைப் போட்டுவிடுவது நம் பலருக்கும் எளிதாகிவிடுகிறது. அவனுக்கு நான் கொடுத்திருக்க வேண்டிய விடையைத்தான் இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் ஒரு சிறு சோதனை. கெட்டியான அட்டையில் ஒரு முக்கோணம் வரையுங்கள். மூன்று முனைகளும் மூன்று சக்கரங்கள் தரையைத் தொடும் இடங்கள் என்று கொள்ளுங்கள். வண்டி, ஓட்டுபவர், சரக்கு ஆகிய அனைத்தின் எடையும் ஓரிடத்தில் குவிந்திருப்பதாகக் கருதக்கூடிய புள்ளியை ஈர்ப்பு மையம் என்று இயற்பியலில் படித்திருப்பீர்கள். அப்புள்ளிக்கு நேர்கீழே உள்ள இடம் முக்கோணத்துக்குள் நன்றாக உள்ளடங்கியிருந்தால் வண்டி உறுதியாக நிற்கும். முக்கோணத்தின் ஓரத்தை நெருங்க நெருங்க உறுதி குறையும். வண்டி திரும்பும்போது எடை வெளிப்பக்கம் தள்ளப்படுகிறது. பிரேக் போடும்போது முன்பக்கம் தள்ளப்படுகிறது. திரும்பிக்கொண்டே பிரேக் போட்டால், முன்புறமும் வெளிப்புறமுமாகச் சாய்வான ஒரு திசையில் தள்ளப்படுகிறது. அத்திசையில் முக்கோணம் அகன்றிருக்கிறதா, குறுகியிருக்கிறதா என்பதே வண்டியின் விதி.

நான்கு சக்கர வண்டிக்குக் கீழே இருப்பது நாற்கோணம். எப்பக்கம் தள்ளினாலும் தாங்க ஒரு மூலை உண்டு. மூன்று சக்கர வண்டிக்கு ஒரு மூலை குறைவு. ஆகவே, குறைந்த அந்த மூலை எங்கே இருக்கலாம் என்று வண்டியை அமைப்பவர் முடிவு செய்தாக வேண்டும். முன்னே ஒன்று, பின்னே இரண்டு என வைக்கலாம். முன்னே இரண்டு, பின்னே ஒன்று எனவும் வைக்கலாம். அல்லது இருசக்கர வண்டி ஒன்றின் பக்கத்தில் மூன்றாவதை ஒட்டிவிடலாம். உலகத்து மூன்று சக்கர மோட்டார் வண்டிகள் யாவும் பெரும்பாலும் இம்மூன்று வகைக்குள் அடங்கும். இவற்றின் வரலாறும் நூறாண்டுக்கு மேற்பட்டது.

மோட்டார் வண்டியின் தொடக்கமே மூன்று சக்கரங்களோடுதான் அமைந்தது. ஜெர்மனியில் காரல் பென்ஸ் என்பார் 1886ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில் காப்புரிமை பெற்ற வண்டிக்கு முன்னே ஒரு சக்கரமும் பின்னே இரு சக்கரங்களும் இருந்தன. சிக்கனம் கருதி அவர் அவ்வாறு செய்தாரல்லர். முன் சக்கரங்கள் இரண்டையும் சரியாகத் திருப்பும் வழி அவருக்கு அப்போது மனநிறைவு தரும்படி அமையவில்லை. ஒன்றைத் திருப்புவது எளிது. அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், 1888ஆம் ஆண்டு தம் இரு மைந்தரையும் உடன் அழைத்துக்கொண்டு மன்ஹைம் நகரிலிருந்து ஃபோர்ஷைம் நகருக்கு ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவு சென்றது இத்தகைய மூன்று சக்கர வண்டியிலேயேயாம். திருப்பும் முறையைத் திருத்தி, பென்ஸ் நான்கு சக்கர வண்டிக்கு மாறியது 1893ஆம் ஆண்டில்.

அதே காலத்தில் மோட்டார் சைக்கிளும் வளர்ந்து வந்தது. அதில் ஒருவர் செல்லலாம். உடன் வருபவரை எங்கே அமர்த்துவது? முதலில், பின்னே ஒரு சிறு வண்டியைக் கட்டி இழுத்துப் பார்த்தனர். அதில் அமர்ந்தவருக்குப் புழுதியும் புகையுமே உணவாயின. பிறகு, முன்னே இரு சக்கரங்களை வைத்து அவற்றின் நடுவே நாற்காலி போட்டு அமர்த்தினர். அவருக்குப் புழுதி இல்லை; ஆனால் எதிலாவது மோதினால் முதல் அடி அவருக்கே. இறுதியில், 1903ஆம் ஆண்டை ஒட்டி இங்கிலாந்தில் சைடுகார் தோன்றியது. உடன் வருபவர் பக்கத்தில் அமர்ந்து பேசிக்கொண்டே செல்லலாயிற்று. சக்கரத்தை எங்கே வைப்பது என்ற கேள்வி, மனிதரை எங்கே வைப்பது என்ற கேள்வியாகவும் தொடக்கத்திலேயே அமைந்துவிட்டதைக் கவனியுங்கள்.

இங்கிலாந்தின் ரெடிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனம் 1912ஆம் ஆண்டில் 770 சிசி எஞ்சின் கொண்ட மோட்டார் சைக்கிளையும் சைடுகாரையும் ஒரே வண்டியாக விற்பனைக்குக் கொண்டுவந்தது. சங்கிலியின் வெட்டியிழுப்பு பயணிகளை உலுக்காதபடி, பின் சக்கரத்தின் நடுவே ரப்பர்க் கட்டைகளை வைத்து இழுப்பை மென்மையாக்கும் முறையை அந்நிறுவனம் கையாண்டது. முதல் உலகப் போரில் இத்தகைய சைடுகார்கள் காயமுற்றோரைச் சுமக்கும் படுக்கையாகவும், இயந்திரத் துப்பாக்கி ஏந்தும் மேடையாகவும் பயன்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியரின் பிஎம்டபிள்யூ ஆர்75 வண்டியில், சைடுகாரின் சக்கரத்தையும் எஞ்சினே சுழற்றும்படி செய்திருந்தனர்.

அதே என்ஃபீல்டின் பெயர் பின்னர் நம் திருவொற்றியூருக்கு வந்தது. 1955ஆம் ஆண்டில் ரெடிச் நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. 1956இல் திருவொற்றியூர்த் தொழிற்சாலையில் புல்லட் உருவாகத் தொடங்கிற்று. பக்கத்து எண்ணூரிலோ 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்டாகியிருந்தது. ஆக, கடலோரத்து இச்சிறு நிலப்பரப்பு மோட்டார் தொழிலுக்குத் தாய்வீடாயிற்று. 350 சிசி புல்லட் உறுதி மிக்கது. இழுக்கும் ஆற்றல் மிக்கது. ஆகவே, குடும்பத்தோடு செல்ல விரும்பியவர் அதற்குச் சைடுகார் இணைத்தனர்.

அதன் இயல்பு என்ன? சாலையின் இடப்புறம் செல்லும் நம் நாட்டில் சைடுகாரையும் இடப்புறமே இணைப்பர். இருசக்கர வண்டியை ஓட்டுபவர் வளைவில் உடலைச் சாய்த்துத் திரும்புகிறார். சைடுகார் பூட்டியபின் வண்டி சாயாது. ஹேண்டில் பாரை வலிந்து திருப்பியே ஆகவேண்டும். வேகத்தைக் கூட்டினால் எஞ்சின் இல்லாத சைடுகார் பின்தங்க, வண்டி இடப்புறம் இழுக்கும். மோட்டார் சைக்கிளில் மட்டும் பிரேக் இருந்தால், பிரேக் போட்டதும் சைடுகார் முந்திச் செல்ல முயல, வண்டி வலப்புறம் இழுக்கும். சைடுகாரில் ஆளில்லாதபோது இடப்புறம் விரைந்து திரும்பினால் அதன் சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஆகவே, வெறும் சைடுகாரில் மணல் மூட்டையை வைத்து ஓட்டுவதும் உண்டு. ஓட்டுபவருக்கு இத்தனை தொல்லை இருந்தாலும், சைடுகாரில் அமர்ந்தவருக்குக் கால் நீட்ட இடமுண்டு. தாழ அமர்வதால் ஆட்டம் குறைவு. சுருங்கச் சொன்னால், சைடுகாரில் சுகம் பயணிக்கு, உழைப்பு ஓட்டுபவருக்கு.

இனி, முன்னே ஒன்று பின்னே இரண்டு என்னும் அமைப்புக்கு வருவோம். இரண்டாம் உலகப் போரால் நலிந்திருந்த இத்தாலி நாட்டில், வெஸ்பா ஸ்கூட்டரை 1946இல் உருவாக்கிய பியாஜியோ நிறுவனம், அதன் பின்புறத்தை இரு சக்கரங்களாக்கிச் சரக்கு மேடை வைத்து 1948இல் ஒரு வண்டியை வெளியிட்டது. அதற்கு ஆப்பே என்று பெயர். அவர்கள் மொழியில் தேனீ என்பது பொருள். கார் வாங்க வசதியற்ற காய்கனி வணிகரும் தச்சரும் அத்தேனீயை நாடினர். அவ்வமைப்பே பியாஜியோவின் உரிமத்துடன் நம் நாட்டுக்கு வந்து, பஜாஜ் ஆட்டோ ரிக்‌ஷாவாக 1960களில் நம் நகரங்களில் பரவிற்று. தமிழகத்தில் மனிதனை மனிதன் இழுக்கும் கை ரிக்‌ஷா 1973இல் ஒழிக்கப்பட்டது. பயணியைப் பின்னே அமர்த்தி ஒருவர் முன்னிருந்து செலுத்தும் அமைப்பு சைக்கிள் ரிக்‌ஷாவுக்கும் ஆட்டோவுக்கும் பொதுவானது.

தொடக்கத்து ஆட்டோக்களில் எஞ்சின் ஓட்டுநரின் இருக்கைக்கு அடியில் இருந்தது. கோடை வெயிலும் எஞ்சின் சூடும் சேர்ந்து அவரை வாட்டின. 1977இல் எஞ்சினைப் பின்புறம் வைத்த ஆட்டோ அறிமுகமாயிற்று. ஓட்டுநருக்குச் சூடு குறைந்தது என்பது ஒன்று. அதனினும் பெரிய நன்மை மற்றொன்று. எஞ்சினும் பயணிகளும் பின் சக்கரங்களின் அருகே அமைவதால், ஈர்ப்பு மையம் முக்கோணத்தின் அகன்ற பக்கத்துக்கு நகர்ந்துவிட்டது.

இங்கே ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பாருங்கள். முன் சக்கரத்துக்கும் பின் அச்சுக்கும் இடையே 2 மீட்டர் என்றும், பின் சக்கரங்கள் இரண்டுக்கும் இடையே 120 சென்டிமீட்டர் என்றும் கொள்வோம். ஈர்ப்பு மையம் முன் சக்கரத்திலிருந்து மூன்றில் இரண்டு பங்கு தொலைவில் இருந்தால், அவ்விடத்தில் முக்கோணத்தின் நடுக்கோட்டிலிருந்து ஓரம்வரை 40 சென்டிமீட்டர் இடம் உண்டு. ஈர்ப்பு மையம் சரிபாதித் தொலைவுக்கு முன்னேறிவிட்டால், 30 சென்டிமீட்டரே மிஞ்சும். அதாவது, பக்கவாட்டில் கவிழாமல் தாங்கும் திறனில் கால் பங்கு போய்விடுகிறது.

இது வெறுங்கணக்கன்று. பள்ளிக்குச் செல்லும் ஆட்டோவில் அளவுக்கு மேல் பிள்ளைகளை ஏற்றி, ஓட்டுநரின் இருபுறமும் இருவரை அமர்த்தி, புத்தகப் பைகளை வெளியே தொங்கவிட்டுச் செல்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். சிலர் அதில் சென்றும் இருப்பீர்கள். ஓட்டுநரின் அருகே அமரும் ஒவ்வொரு பிள்ளையும் ஈர்ப்பு மையத்தை முக்கோணத்தின் குறுகிய முனையை நோக்கி இழுக்கிறது. அவ்வாறு செல்லும் ஆட்டோ வளைவில் திடீரெனப் பிரேக் போட்டால், முன்னும் வெளியுமாகத் தள்ளப்படும் எடையைத் தாங்க அத்திசையில் சக்கரமே இல்லை. ஓட்டுநரின் அருகில் இடம் இருக்கிறது என்று யாரேனும் அழைத்தால், இந்த 40, 30 என்னும் இரண்டு எண்களையும் நினைவில் கொள்ளுங்கள்.

பயணச் சுகத்தில் ஆட்டோ எப்படி? வெயிலுக்கும் மழைக்கும் கூரை உண்டு. ஆனால் பயணி அமர்வது பின் அச்சுக்கு மேலே. ஆகவே, பின் சக்கரம் வாங்கும் ஒவ்வோர் அடியும் அவருக்கு உடனே எட்டும். ஆட்டோவின் சக்கர விளிம்பு 8 அங்குலம். பழைய புல்லட்டின் சக்கர விளிம்பு 19 அங்குலம். பெரிய சக்கரம் குழியின் இரு கரைகளையும் தொட்டுக்கொண்டு கடந்துவிடும். சிறிய சக்கரம் குழிக்குள் இறங்கி ஏறும். அன்றியும், மூன்று சக்கர வண்டி சாலையில் மூன்று தடங்களைப் பதிக்கிறது. கார் ஓட்டுபவர் ஒரு குழியை இரு சக்கரங்களுக்கும் நடுவே விட்டுவிடலாம். ஆட்டோ ஓட்டுநர் அவ்வாறு விட்டால் நடுச் சக்கரம் அதில் இறங்கும். நடுச் சக்கரத்தை விலக்கினால் பின் சக்கரங்களுள் ஒன்று இறங்கும். நாள் முழுவதும் ஆட்டோ ஓட்டும் ஒருவரின் முதுகைக் கேட்டால் இவ்வுண்மை விளங்கும்.

வடநாட்டிலும் மோட்டார் சைக்கிளை வைத்தே மூன்று சக்கர வண்டிகளைச் செய்துகொண்டனர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இராணுவம் கழித்துவிட்ட ஹார்லி-டேவிட்சன் மோட்டார் சைக்கிள்களின் பின்புறத்தை இரு சக்கரப் பெட்டியாக்கி, தில்லியில் பயணிகளை ஏற்றிச் சென்றனர். அதன் ஒலியைக் கொண்டே அதற்கு ‘பட்பட்டி’ என்று பெயரிட்டனர். 1998ஆம் ஆண்டில், காற்று மாசைக் குறைக்கும் பொருட்டு அவை நிறுத்தப்பட்டன. குஜராத்தின் சௌராட்டிரப் பகுதியில் ‘சக்டா’ என்றொரு வண்டி உண்டு. அதன் முன்பாதி புல்லட் மோட்டார் சைக்கிள். பின்பாதி இரு சக்கர மேடை. நம் திருவொற்றியூரில் பிறந்த புல்லட், அங்கே உழவர்களையும் விளைபொருளையும் சேர்த்து இழுக்கும் எருதாயிற்று. பிற்காலத்தில் அதில் டீசல் எஞ்சின்களும் இடம்பெற்றன. நாட்டுப்புற வண்டிப் பாதையில் இரு தடங்களும் தேய்ந்து பள்ளமாகி, நடுவே ஒரு மேடு இருக்கும். பின் சக்கரங்கள் பள்ளங்களில் செல்ல, ஒற்றை முன் சக்கரம் அம்மேட்டின்மேல் ஏறிச் செல்ல வேண்டும். அதற்குப் புல்லட்டின் பெரிய சக்கரமே ஏற்றது. ஊருக்கு ஏற்ற வண்டியை ஊராரே தேர்ந்துகொண்டதற்கு இது நல்ல சான்று.

இப்போது, மாணவனின் வினாவுக்குரிய மீன்பாடி வண்டிக்கு வருவோம். இதில் முன்னே இரண்டு சக்கரங்கள், பின்னே ஒன்று. இவ்வமைப்பு இழிவானதன்று. இங்கிலாந்தில் மோர்கன் என்பார் 1910ஐ ஒட்டித் தொடங்கி, 1950களின் தொடக்கம்வரை விற்ற மூன்று சக்கரக் கார்கள் இவ்வமைப்பைக் கொண்டவையே; பந்தயங்களிலும் பேர் பெற்றவை. பிரேக் போட்டுத் திரும்பும்போது எடை அகன்ற முன்பக்கத்துக்குச் செல்வதால், கணக்குப்படி இதுவே ஆட்டோவைவிட உறுதியானது. அவ்வாறிருக்க, அவன் தந்தையாரின் வண்டி ஏன் கவிழ்ந்தது?

மோர்கன் வண்டியில் உடல் அசையாது. முன் சக்கரங்கள் மட்டுமே திரும்பும். மீன்பாடி வண்டியிலோ, ஓட்டுபவர் பெட்டியின் பின்விளிம்பைப் பிடித்துத் திருப்ப, பெட்டியும் சரக்கும் இரு சக்கரங்களும் ஒன்றாகவே ஒரு முளையைச் சுற்றித் திரும்புகின்றன. இடப்புறம் திருப்பினால், வலப்புறச் சக்கரம் முன்னே சென்று நடுக்கோட்டை நெருங்குகிறது. அதாவது, கவிழும் ஆபத்து எப்பக்கம் உள்ளதோ அப்பக்கத்திலேயே முக்கோணம் குறுகுகிறது. முன்பு செய்த அட்டைச் சோதனையை இதற்கும் செய்து பாருங்கள். முன் சக்கரங்களை 30 பாகை திருப்பி வரைந்தால், சரக்குக்கும் முக்கோணத்தின் ஓரத்துக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழக் கால் பங்கு குறைவதைக் காண்பீர்கள்.

அடுத்தது சரக்கு. மீன் கூடை பெட்டிக்குள் அடங்கும். கம்பிக் கட்டு அடங்காது. அது முன்னே நீண்டு நிற்கும். இறக்கத்தில் எடை இன்னும் முன்னே சாயும். பின் சக்கரம் தரையில் ஊன்றும் வலுவை இழக்கும். பிரேக் பின் சக்கரத்தில் மட்டும் இருந்தால், வேண்டிய வேளையில் அது பிடிக்காது, சக்கரம் வழுக்கும். ஆட்டோவிலோ மூன்று சக்கரங்களிலும் பிரேக் உண்டு. ஆகவே, ஆட்டோ ஓட்டுநர் கவலையின்றித் திரும்பிய அதே இறக்கத்தில், அதனினும் மெதுவாக வந்தவர் விழ நேர்ந்தது. குற்றம் வேகத்தில் மட்டும் இல்லை. மிதிப்பதற்கென்று அமைந்த வண்டிக்கு மோட்டாரின் வேகமும் இரும்பின் எடையும் சேர்ந்துவிட்டன; பிரேக்கும் அமைப்பும் பழையபடியே நின்றுவிட்டன.

அவ்வாறாயின், இத்தகைய வண்டியை ஏன் ஓட்டுகிறார்கள்? அதற்கும் இயந்திர நூலிலேயே விடை உண்டு. பின்னே இரு சக்கரங்களை எஞ்சின் சுழற்ற வேண்டுமானால், திரும்பும்போது வெளிச் சக்கரம் விரைவாகவும் உட்சக்கரம் மெதுவாகவும் சுழல டிஃபரென்ஷியல் என்னும் பல்சக்கர அமைப்பு தேவை. அது தொழிற்சாலைப் பொருள், விலையும் மிகுதி. பின்னே ஒரே சக்கரமானால் ஒரு சங்கிலி போதும். பழைய ஸ்கூட்டரின் எஞ்சினையோ மொபெட்டின் எஞ்சினையோ வாங்கித் தெருமுனைப் பட்டறையில் பொருத்திவிடலாம். மீனவர் குடியிருப்பிலும் சந்தையிலும் உழைப்பவர் கைக்கு எட்டும் விலையில் கிடைத்த வண்டி அஃது ஒன்றே. கால்கள் ஓய்ந்துபோன நடுவயதில், மிதிப்பதிலிருந்து விடுதலை தந்ததும் அதுவே.

ஆனால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் கண்ட அமைப்பை முறையான ஒப்புதலின்றி மாற்றுவதைத் தடை செய்கிறது. பட்டறையில் பிறந்த வண்டிக்குப் பதிவு இல்லை. பதிவு இல்லாத வண்டிக்குக் காப்பீடு இல்லை. அம்மாணவனின் தந்தையார் எழுந்து நடக்க ஐந்து திங்கள் ஆயின. இழப்பீடு என்று ஒரு காசும் வரவில்லை. அவன் தாயார் மீன் விற்றுக் குடும்பத்தைக் காத்தார். சட்டத்தின் நோக்கம் நல்லது. சாலையில் நடப்பவர் உயிரையும் அது காக்கிறது. ஆயினும், ஒன்றைத் தடுக்கும்போது அதன் இடத்தில் மற்றொன்றைக் காட்டுவதும் அறிவுடைமையாகும்.

அத்தகைய வழி சிறிது சிறிதாகத் திறந்து வருகிறது. 2015ஆம் ஆண்டில் மோட்டார் வாகனச் சட்டம் திருத்தப்பட்டு, மின்கலத்தால் இயங்கும் மூன்று சக்கர ரிக்‌ஷாவும் சரக்கு வண்டியும் சட்டத்துக்குள் இடம் பெற்றன. அவற்றின் வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தாண்டலாகாது. எடை மிகுந்த மின்கலத்தைத் தரைக்கு அருகே தாழ வைக்கலாம். ஈர்ப்பு மையமும் தாழும். மற்றொரு புறம், தேனீ வண்டியைச் செய்த அதே பியாஜியோ நிறுவனம் 2006இல், முன்னிரு சக்கரங்களும் வளைவில் ஓட்டுபவரோடு சேர்ந்து சாயும் மூன்று சக்கர ஸ்கூட்டரை வெளியிட்டது. இரு சக்கர வண்டியின் நெளிவும் மூன்று சக்கர வண்டியின் ஊன்றலும் அதில் இணைந்தன. ஆயினும் அது வசதியுள்ளோர் வாங்கும் வண்டி. சரக்கு சுமக்கும் ஏழைக்கு உரியதன்று.

மூன்று அமைப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். சைடுகார் உடன் வருபவரின் சுகத்தை முதலில் எண்ணியது. ஆட்டோ, கட்டணம் செலுத்தும் பயணியைக் கூரைக்குக் கீழே அமர்த்தியது. நெடுங்காலம் கழித்தே ஓட்டுநரின் சூட்டை எண்ணியது. மீன்பாடி வண்டி சரக்கை முதலில் எண்ணிற்று. ஓட்டுபவரை எண்ணுவார் எவரும் இல்லை. மூன்றாவது சக்கரம் இருக்கும் இடத்தைக் கொண்டே, அதனை அமைத்தபோது யார் நினைவில் இருந்தார், யார் மறக்கப்பட்டார் என்று கண்டுகொள்ளலாம்.

அட்டை முக்கோணத்தை வெட்டி வைத்துக்கொண்டு, பல நாட்களுக்குப் பின் அம்மாணவனை அழைத்தேன். "உன் தந்தையார் மேல் தவறு இல்லை. நான் அன்று சொன்ன விடைதான் தவறு" என்று கூறி, இங்கே உங்களுக்கு விளக்கியவற்றை அவனுக்கும் விளக்கினேன். அவன் அந்த அட்டையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். மறுநாள் வந்து, "அப்பாவுக்குக் காட்டினேன் சார். கம்பியை முன்னே நீட்டாமல் குறுக வெட்டி ஏற்றினால் போதுமா என்று கேட்கிறார்" என்றான். ஈர்ப்பு மையம் என்ற சொல்லை அறியாத ஒருவர், அதன் பொருளை நொடியில் பிடித்துக்கொண்டார்! நானோ அச்சொல்லைப் பல்லாண்டுகள் கற்பித்தும், சாலையில் அதனைக் காணாதிருந்தேன்.

மாணவச் செல்வங்களே, உங்களுள் சிலர் நாளை பொறியாளராவீர்கள், சிலர் சட்டம் இயற்றுவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். ஏதேனும் ஒரு வண்டி கவிழ்ந்தது என்று கேள்விப்பட்டால், ஓட்டியவரைக் குறை கூறுமுன் ஒரு தாளில் முக்கோணம் வரைந்து பாருங்கள். சரக்கு எங்கே இருந்தது, பிரேக் எந்தச் சக்கரத்தில் இருந்தது, அவ்வண்டியைத் தவிர வேறு வண்டி வாங்க அவருக்கு வழி இருந்ததா என்று கேளுங்கள். பின்னர் விடை கூறுங்கள்.